அண்ணன் ஏறாத டிரெய்லர்

1

இன்று காலை ஆறரை மணிக்குப் பொன்மலைக் கோயிலில் என் அண்ணனுக்கு முதல் வருஷப் பூசை. இங்கே பெர்த்தில் அப்போது ஒன்பது மணி. அண்ணி நான்கு நாள் முன்பே அழைப்பு அட்டையைப் படம் பிடித்துப் போனில் அனுப்பியிருந்தார். அந்தோணி, ஓய்வுபெற்ற ரயில்வே பணிமனை ஊழியர் என்று போட்டு, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தையே போட்டிருந்தார்கள். கீழே அழைப்பவர்கள் வரிசையில் என் பெயரும் இருந்தது. அழைக்கிறவனே போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

பூசை நேரத்தில் நான் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சின்ன டிரெய்லரைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாக அது நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டது. ஒன்று இதை எடுத்து ஓட்டுங்கள், இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று என் மனைவி லில்லி வாரம் ஒரு முறை சொல்கிறாள். நான் இரண்டையும் செய்யாமல் கழுவி மட்டும் வைக்கிறேன்.

அண்ணனை அடக்கம் செய்து மூன்று நாள் கழித்துத்தான் நான் ஊர் போய்ச் சேர்ந்தேன். அப்போது அண்ணி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் சரியில்லை. இந்த ஒரு வருஷமாக நான் அவரோடு நீளமாகப் பேசாததற்கும் ஊருக்குப் போகாததற்கும் அதுதான் காரணம். ஆனால் அதை எழுதுவதற்கு முன்னால் இந்த டிரெய்லரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அண்ணனும் நானும் கடைசி இரண்டு வருஷம் பேசியதெல்லாம் இதைப் பற்றித்தான்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இது பழக்கமில்லாத சமாசாரம். என்னுடையது குட்டையான வண்டி. நாலு பேர் நெருக்கி உட்காரலாம். ஆனால் மணல், பாறை, சேறு எதுவானாலும் ஏறிப் போய்விடும். ஜீப்புக்குத் தம்பி மாதிரி இருக்கும். அதன் பின்பக்கம் ஒரு இரும்பு உருண்டை பொருத்தியிருக்கிறது. டிரெய்லரின் மூக்கில் உள்ள கிண்ணம் அந்த உருண்டைமேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். டிரெய்லர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வண்டி சின்னது என்பதால் அது இழுக்கக்கூடியதும் சின்னதுதான். கட்டில் நீளத்துக்கு ஒரு பெட்டி, இரண்டு சக்கரம். போய்ச் சேர்ந்த இடத்தில் மூடியைத் திறந்து விரித்தால் கூடாரமாக எழும்பும். பின்பக்கத்தை இழுத்தால் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் வெளியே வரும். விடுமுறை விட்டால் இங்கே பாதி ஊர் இப்படிக் கிளம்பிவிடும்.

வாங்கியது எங்கள் மகள் ரோஷ்னிக்காக. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் காட்டுக்கும் கடற்கரைக்கும் போகிறார்கள், நாம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு பிரியாணி சாப்பிடுகிறோம் என்று பதிமூன்று வயதில் அழுதாள். நாங்கள் யோசித்து, விசாரித்து, வாங்கி, ஓட்டப் பழகுவதற்குள் அவளுக்குப் பதினாறு ஆகிவிட்டது. அந்த வயதில் அப்பா அம்மாவோடு ஒரு கூடாரத்தில் படுப்பதைவிடப் பெரிய தண்டனை பிள்ளைகளுக்கு வேறு கிடையாது.

முதல் தடவை போன இடத்தில் டிரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்த நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இடதுபக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலதுபக்கம் திருப்ப வேண்டும். மூளைக்குத் தெரியும், கைக்கு வராது. லில்லி பின்னால் நின்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு கண்டக்டர் மாதிரி டிரெய்லரைத் தட்டித் தட்டி, "வரலாம், வரலாம், ஹோல்டான்" என்று கத்தினாள். சுற்றியிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தன. ரோஷ்னி வண்டிக்குள் சட்டைத் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் எங்களோடு இரண்டு தடவைதான் வந்தாள். இப்போது மெல்போர்னில் படிக்கிறாள்.

3

டிரெய்லர் வாங்கிய அன்று படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டுவிட்டார். நான் வீடு கட்டிய படத்துக்கு மறுநாள்தான் பதில் வந்தது. குடியுரிமை வாங்கிய படத்துக்குப் பதிலே இல்லை.

அண்ணன் எனக்கு எட்டு வயது மூத்தவர். பொன்மலைப் பணிமனையில் வேகன் பிரிவில் ஃபிட்டராகச் சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆனவர். ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு மாட்டுவது அவருடைய சோறு. "மூக்குல எவ்வளவு கனம் விழுதுடா?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை.

அடுத்த வாரமே புரிந்தது. நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. அது ஆட ஆட முன்னால் இருந்த எங்கள் வண்டியும் இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்குமாக ஆடியது. லில்லி ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டாள். பிரேக்கைத் தொடாமல் மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினேன். காரணம் நாங்கள் சாமான் ஏற்றிய லட்சணம். பின்கதவுதான் திறக்கச் சுலபம் என்று இட்லிக் குண்டான், தண்ணீர் கேன், கிரைண்டர், மண்ணச்சநல்லூர் பொன்னி அரிசி ஒரு மூட்டை எல்லாவற்றையும் கடைசியில் அடைத்திருந்தோம். மூன்று நாள் காட்டில் இருக்கப் போகிறவர்களுக்கு ஒரு மூட்டை அரிசி எதற்கு என்று இங்கே யாரும் கேட்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்பதுதான் பதில்.

அண்ணன் போனில் ஒரு மணி நேரம் திட்டினார். பிறகு குளியலறையில் எடை பார்க்கும் மிஷினைக் கொண்டுவரச் சொல்லி, டிரெய்லரின் மூக்கை அதன்மேல் வைக்கச் சொல்லி, போனைக் கிட்டே காட்டச் சொன்னார். மொத்தக் கனத்தில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் விழ வேண்டுமாம். அரிசி மூட்டை முன்னால் வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் கிளம்பும் முன்னால் அவருக்கு வீடியோவில் காட்டாமல் நான் வண்டியை எடுத்ததில்லை. உருண்டை, பூட்டு, சங்கிலி, விளக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டுவேன். சரி போ என்பார். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு அந்த "சரி போ" தேவையாக இருந்தது.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்மலைச் சந்தைக்கு அவர் சைக்கிளில்தான் போவேன். திரும்பும்போது கேரியரில் காய்கறிப் பை இருக்கும், நான் முன்னால் பாரில். மேட்டில் மிதிக்கும்போது அவர் மூச்சு என் தலையில் படும். இறங்கி நடக்கிறேன் என்றால் விடமாட்டார்.

4

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனார்கள். அண்ணி அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். மொட்டைமாடியில் ஏறினால் ஒரு பக்கம் ராஜகோபுரம், இன்னொரு பக்கம் கொள்ளிடத்துக் காற்று. அந்த மாடியில் நின்றுகொண்டுதான் ஒரு நாள் அண்ணன் சொன்னார், "ஒரு தடவை வந்து அதுல ஏறிப் பார்க்கணும்டா." வாழ்நாளில் அவர் என்னிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

மூன்று மாதத்துக்கு வருவதாக முடிவாயிற்று. தெற்குப் பக்கம் ஒரு கடற்கரை முகாமை அவருக்காகவே தேர்ந்தெடுத்து வைத்தேன். அங்கே இருக்கும் காவல்காரரிடம் "மை ஓன் பிரதர்" வருகிறார் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வேறு யாருடைய பிரதரையும் கூட்டிவருவது உண்டா என்று கேட்டார். சொந்த அண்ணன் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று முப்பது வருஷமாகியும் எனக்குத் தெரியவில்லை.

விசா ஆபீஸுக்கும் அதே சந்தேகம் வந்தது. என் பாஸ்போர்ட்டில் எங்கள் அப்பா சூசையின் பெயர் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. அண்ணன் பாஸ்போர்ட்டில் அவருடைய பெயரே குடும்பப் பெயர். குடும்பப் பெயர் வேறாக இருக்கும் இரண்டு பேர் எப்படி அண்ணன் தம்பி என்று கேட்டு ஒரு கடிதம். ஞானஸ்நானப் பதிவு, பள்ளிச் சான்றிதழ், வக்கீல் கையெழுத்து என்று எல்லாம் அனுப்பினோம். விண்ணப்பத்தை அண்ணன் மகள் ரீனா பெங்களூரிலிருந்து பார்த்துக்கொண்டாள். நான் அழைப்புக் கடிதம் மட்டும் கொடுத்தேன். கடைசியாக மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். அண்ணன் சென்னைக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

அதோடு எல்லாம் நின்றுவிட்டது. எப்போது கேட்டாலும் "இன்னும் ஏதோ பேப்பர் கேட்கிறாங்கடா" என்பார். மாதக்கணக்கில் இதே பதில். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எனக்குப் பொதுவாகவே ஆபீஸ்காரர்களைத் திட்டப் பிடிக்கும், நியாயமான காரணம் வேறு கிடைத்துவிட்டது. ஒரு நாள் விசா ஆபீஸுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். விண்ணப்பதாரர் அனுமதி இல்லாமல் உங்களிடம் எதுவும் சொல்ல முடியாது என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். நான் விடாமல் கத்தியதும் உங்கள் அண்ணனிடமே ஒரு தடவை பேசிப் பாருங்களேன் என்றாள். அது எனக்குத் திமிராகப் பட்டது. புகார்க் கடிதத்தில் அதையும் சேர்த்து எழுதினேன்.

5

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும். தூரத்தில் இருக்கிறவனிடம் கெட்ட சேதி சொல்ல மாட்டார்கள். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது, அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி இட்லி சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரியும். அவன் அங்கே தனியாக இருக்கிறான், பதறிப் போவான் என்பார்கள். நானும் லேசுப்பட்டவன் இல்லை. லில்லிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனதை ஊருக்கு ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன். மறைப்பது பாசத்தில் சேர்த்தி என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் மறைக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆகவே ஊரிலிருந்து பேசும் குரலில் ஒரு மாற்றம் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது தூரத்தில் இருக்கிறவனின் வேலை.

போன வருஷம் மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தது. அண்ணனுக்காகப் பார்த்து வைத்த அந்த முகாமுக்கு நாங்களே ஒரு தடவை போய்ப் பாதை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். அதற்கப்புறம் டவர் கிடையாது. அங்கே நிறுத்தி அண்ணனுக்கு வீடியோ போட்டு உருண்டை, சங்கிலி எல்லாம் காட்டினேன். பிறகு மண் பாதையில் இறங்கினோம். பாதை முழுக்க அலை அலையாக மேடு பள்ளம். டிரெய்லர் சொன்ன பேச்சு கேட்டு ஒழுங்காகப் பின்னால் வந்தது. கடல் நன்றாக இருந்தது. மூன்று நாளும் அண்ணனைப் பற்றித்தான் பேசினோம், அவர் எங்கே நாற்காலி போட்டு உட்காருவார் என்பது வரை.

திரும்பி வரும்போது அதே பங்க்கைத் தாண்டியதும் போன் நிறுத்தாமல் அடித்தது. ரீனா, அண்ணி, ரோஷ்னி, பொன்மலையில் யார் யாரோ. அண்ணன் இரண்டு நாள் முன்னால் இறந்துவிட்டார். முந்தின நாள் சாயந்தரம் அடக்கம் முடிந்திருந்தது. எனக்காக ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கக் கூடாது என்று அவரே சொல்லிவைத்திருந்தாராம்.

உடனே விமானநிலையத்துக்கு ஓட வேண்டும் போல இருந்தது. பின்னால் டிரெய்லர் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வேகமாகவும் போக முடியாது. ஆறு மணி நேரம் அதை இழுத்துக்கொண்டே, ஒழுங்கான வேகத்தில், ஓரமாக ஓட்டிக்கொண்டு வந்தேன். அழுதால் ரோடு தெரியாது என்று லில்லி சொன்னாள். ரோஷ்னி போனில் இங்கிலீஷில் கேட்டாள், பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏன் யாரும் சொல்லவில்லை என்று. நம் வழக்கத்தை விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்போ இனிமே நீங்க நல்லா இருக்கோம்னு சொன்னா நான் எப்படிப்பா நம்புறது?" என்று தமிழில் கேட்டாள். அவள் தமிழில் அவ்வளவு நீளமாகப் பேசி வெகுநாளாகியிருந்தது.

6

ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் அண்ணி எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். வகுப்பில் பாடம் எடுக்கிறவர் குரல், உடையவில்லை. சென்னையில் எக்ஸ்ரே எடுத்த டாக்டரே ஊருக்குப் போனதும் நெஞ்சு டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நுரையீரலில் கட்டி. பரவி முடிந்திருந்தது. அண்ணன் அன்றே ரீனாவைக் கூப்பிட்டு விசா விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கச் சொல்லிவிட்டார். நான் புகார் மேல் புகார் எழுதிய அந்த ஏழு மாதமும் அந்த ஆபீஸில் எங்கள் விண்ணப்பமே இல்லை.

நான் வீடியோவில் கூப்பிடும் நேரம் தெரிந்து சட்டையை மாற்றிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவாராம். மூக்கில் இருக்கும் ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றிவிடுவாராம். பேசி முடித்ததும் அரை மணி நேரம் மூச்சு வாங்குமாம்.

எனக்கு அண்ணிமேல் கோபம் வந்தது. துக்க வீட்டில் கோபப்படக் கூடாது என்று தெரிந்தும், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். வந்திருப்பேனே, கூட இருந்திருப்பேனே என்றேன். அண்ணி என்னையே பார்த்தார்.

"சொல்லவே கூடாதுன்னு அவர் சொல்லலைங்க தம்பி. நாமளா சொல்லி அவனைப் பதற வைக்க வேணாம், அவனா கேட்டான்னா மறைக்காதே, சொல்லிடுன்னுதான் சொல்லியிருந்தார். நானும் ஒவ்வொரு தடவை உங்க போன் வரும்போதும் இன்னிக்குக் கேட்பீங்க, இன்னிக்குக் கேட்பீங்கன்னு பக்கத்துலயே நிப்பேன்."

அண்ணி மேலும் சொன்னார். கடைசியாக நான் பெட்ரோல் பங்கிலிருந்து கூப்பிட்டபோது அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். நாற்காலிக்கு மாற முடியவில்லை, சட்டை மாற்ற நேரமில்லை. அண்ணிதான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அன்னிக்கு அவரைப் பார்த்தப்ப உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா தம்பி?"

இல்லை அண்ணி, வெளியே நல்ல வெயில், திரை தெரியவில்லை, குரல் மட்டும்தான் கேட்டது என்றேன். அண்ணி தலையை ஆட்டினார். எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

7

பூசை முடிந்திருக்கும். இந்நேரம் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள். ஊர்ப் பத்திரிகை ஒன்றில் நான் அவ்வப்போது எழுதுவதை அண்ணி ஒன்றுவிடாமல் படிக்கிறவர், தப்பிருந்தால் திருத்தியும் அனுப்புவார். போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை என்பதால் இதை இங்கே எழுதுகிறேன்.

அண்ணி, அன்று நான் பங்க்கின் கூரைக்கு அடியில்தான் நின்றேன். வெயில் இல்லை. திரை தெளிவாக இருந்தது. அண்ணன் தலைக்குப் பின்னால் இரும்புக் கட்டிலின் கம்பி தெரிந்தது. பச்சைத் திரைச்சீலை தெரிந்தது. கழுத்து எலும்பு இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தது. எங்கே இருக்கீங்க அண்ணே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. லில்லி வண்டியில் உட்கார்ந்திருந்தாள், டேங்க் நிரம்பியிருந்தது, இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் வண்டியைத் திருப்ப வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அதனால் விசா வந்துவிட்டதா அண்ணே என்று கேட்டேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். வரும்டா, நீ கிளம்பு என்றார். நான் கிளம்பிவிட்டேன்.